வாத்தம்மாவின் கல்யாணம்

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
வெள்ளி, இரவு ஒன்றரை மணி

அன்புள்ள ரூபா அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துவிடுங்கள். ரூபா இப்போதுதான் தூங்கினாள். உங்கள் போன் மூன்று மாதமாக அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் நீங்கள் முதலில் தங்கிய லாட்ஜ் முகவரிக்கே இதை அனுப்புகிறேன்.

நம் வீட்டில் ஒரு கல்யாணம். பெண், நீங்கள் வேலைக்குச் சென்னை போகும்போது வாங்கிக் கொடுத்த ரப்பர் வாத்து. மாப்பிள்ளை டார்ச் லைட். கரண்ட் போனால் வீட்டுக்கே வெளிச்சம் தருகிற பிள்ளை, நல்ல சம்பந்தம் என்கிறாள் ரூபா. மிக்ஸிதான் மாமியார். வாயைத் திறந்தால் தெருவுக்கே கேட்கும். இஸ்திரிப் பெட்டிக்குப் பத்திரிகை வைக்கவில்லை, ரொம்பக் கோபக்காரராம்.

பெண்ணைத் தாரை வார்க்க மட்டும் நீங்கள்தான் வேண்டும் என்று சென்னையிலிருந்து வரும் மூன்று கப்பலுக்கு முகூர்த்தத்தைத் தள்ளிப் போட்டாள். பக்கத்து வீட்டு பெங்காலி மௌசி, "அரே ரூபா, ஷாதி கப்?" என்று, கல்யாணம் எப்போது எனக் கிண்டல் செய்வார். "அப்பா ஆயேகா, தப்" என்பாள், அப்பா வந்தால்தானாம்.

போன கப்பலில் ரவிச்சந்திரன் அண்ணன் வந்தார். உங்களைத் தாம்பரத்தில் பார்த்தாராம், நன்றாக இருக்கிறீர்களாம். அதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தனியாகவா என்று நான் கேட்கவில்லை. காபி போடப் போய்விட்டேன்.

இன்று டியூஷன் எடுத்துவிட்டு வந்தேன். உங்களுக்குக் காத்திராமல் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மனையில் வாத்து, டார்ச், நடுவில் உங்கள் போட்டோ. மூன்றுக்கும் செம்பருத்தி மாலை. போட்டோவுக்கு முன்னால் விளக்கு வேறு. மாலையைப் பிய்த்து எறிந்து, குழந்தையை அறைந்துவிட்டேன். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடுவார்களா என்று கத்தினேன்.

"கல்யாணம்னா பொண்ணோட அப்பாவுக்கும் மாலை போடுவாங்கதானேம்மா" என்றாள். அழவில்லை. வாத்தின் மாலையையும் கழற்றினாள். டார்ச்சைக் கொண்டுபோய் அடுப்படி அலமாரியில் வைத்தாள். "நாளைக்குக் கப்பல் பாக்க நான் வரலம்மா" என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

விளக்கை அணைத்துவிட்டேன். படத்தை மறுபடி ஆணியில் மாட்டத்தான் கை வரவில்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

உங்களிடம் சண்டை போட எழுதவில்லை. வருகிறீர்களா, இல்லையா, ஒரு வரி போதும். எதுவானாலும் குழந்தைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
தமிழரசி