இருபது காம்பராவுக்கு ஒரு ஓட்டு

அக்கா,

இன்று காலை ஜீப்பில் வந்த கட்சிக்காரர் ஒருவர் வாக்காளர் பட்டியலும் கையுமாக நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் நின்று உங்கள் பெயரைக் கூப்பிட்டார். நீங்கள் இறந்து மூன்று மாதமாகிறது என்றேன். பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். வேறு யாரையும் விசாரிக்கவில்லை. ஜீப் திரும்பிப் போய்விட்டது.

நமக்கெல்லாம் ஓட்டு இருந்தபோது இவர்கள் லயத்தின் ஒற்றை அறை வீடுகளில் காம்பரா காம்பராவாகக் குனிந்து நுழைந்து சாயத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தவர்கள். சட்டத்தை மாற்றி நம் பெயர்களை வெட்டியதும் அவர்களுக்குத் தாகமே எடுக்காமல் போயிற்று.

ஓட்டு திரும்பக் கிடைக்கப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டோம். விசாரணையில் "ஊர் எது?" என்று கேட்டார்கள். லயத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் என் அப்பாவும் சொன்னார்: "துறையூருங்க." பாட்டன் கடல் தாண்டி விட்டுவந்த, அவர் கண்ணால் காணாத துறையூர். மனு அதோடு தள்ளுபடி. நீங்கள் மட்டும்தான், "கந்தப்பளைங்க. இங்கனதான் பொறந்தேன்" என்றீர்கள். இருபது காம்பராவுக்கும் மிஞ்சியது உங்கள் ஓட்டு ஒன்றுதான்.

அடுத்த தேர்தலில் வேட்பாளர் கொட்டும் மழையில் சப்பாத்துக் காலோடு நேரே உங்களிடம் வந்தார்.

"மத்த வீடெல்லாம் ஏறி எறங்கிட்டு வாங்க. அப்பறம் பேசுவோம்" என்றீர்கள்.

"அங்கெல்லாம் ஓட்டு இல்லையேம்மா" என்றார் கூட வந்தவர்.

"ஓட்டுதான இல்ல? வாய் இருக்குங்க."

போனார். லயமே தண்ணீர் பிடிக்கும் பீலிக்குழாய் உடைந்து கிடந்ததற்காகப் பத்தொன்பது காம்பராவிலும் ஏச்சு வாங்கினார். மறுநாள் வந்த எதிர்க்கட்சிக்காரரையும் அப்படியே அனுப்பினீர்கள்.

எனக்கு ஆத்திரம். "ஒத்த ஓட்டுல என்னக்கா கிழிக்கப் போறீங்க? அந்த ஓட்டுச் சீட்டையே கிழிச்சிப் போட்டுட்டு வாங்க" என்றேன்.

"அவரு சப்பாத்து நனைஞ்சிச்சே, பாத்தியா?" என்று சிரித்தீர்கள்.

பிறகு நீங்களே வீடு வீடாகப் போய், யாருக்குப் போடட்டும் என்று கேட்டீர்கள். பெரிய சண்டை நடந்தது. கடைசியில் பன்னிரண்டு காம்பரா முதலில் வந்தவரைச் சொன்னது. உங்களுக்கு மற்றவரைத்தான் பிடிக்கும். இருந்தும் லயம் சொன்னவருக்கே போட்டுவிட்டு வந்தீர்கள். கட்சிக்காரன் எவனிடமும் இந்த நேர்மையை நான் பார்த்ததில்லை.

அவர் தோற்றார். பீலியை யாரும் சரிசெய்யவில்லை. செய்தி வந்த அன்று அப்பா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"நான் போட்டது வீணாப் போச்சேடா" என்றார்.

நான் அவரைத் திருத்தவில்லை, அக்கா. இன்றுவரை திருத்தவில்லை.