ஏவுதள வேலிக்குள் நம் பிள்ளை

அன்புள்ள ஷைனிக்கு,

இங்கே நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று இங்கே மலேசியாவில், தம்போய் தொழிற்சாலை கேண்டீனில் டிவியில் நம் ஊரைக் காட்டினார்கள். அரசு ஏவுதளத்தில் தனியார் ராக்கெட்டையும் விடலாமா என்று இரண்டு கட்சிக்காரர்கள் சண்டை போட்டார்கள். "ராக்கெட் விடப் போறது உங்க ஊர்லயா? அப்போ இன்னிக்கு டீ நீங்கதான் பெலாஞ்சா லா," என்றான் கூட வேலை செய்யும் ரயன். சிரித்துக்கொண்டே என் செலவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஏவுதள வேலிக்குள் போகிற நம் ஊர்க் கல்லறைகளைப் பற்றி டிவியில் யாரும் பேசவில்லை.

நம் அபிஷாவைப் புதுக் கல்லறைக்கு எடுத்து மாற்றும் அன்று உன் அண்ணன் பக்கத்தில் நிற்கட்டும். நீ எட்டிப் பார்க்காதே. அவளுடைய மஞ்சள் போர்வையை மட்டும் மறக்காமல் கொண்டு போ. விடியற்காலையில்தான் தோண்டுவார்களாம். கடற்கரையில் அந்நேரம் குளிரும்.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

உன்,
கிளாட்வின்