துருவுக்கு நான் வைத்த பெயர்

அன்புள்ள நஸீமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், தொடர்ந்து இரவு ஷிப்ட் என்பதால் கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

இங்கே பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஆய்வக வேலைக்குத் தேர்வு வைத்தார்கள். அது கிடைத்தால் இரவு ஷிப்ட் கிடையாது. பெருநாளுக்கு ஊருக்கு வர விடுப்பும் உண்டு. ஒரே கேள்வியில் தவறிவிட்டது, கவலைப்படாதே. துருவின் வாய்பாட்டைக் கொடுத்துப் பெயர் கேட்டிருந்தார்கள். அதில் இரண்டு இரும்பு, மூன்று ஆக்ஸிஜன். இரண்டு இரும்பைப் பார்த்ததும் இரும்பு (II) ஆக்சைடு என்று எழுதிவிட்டேன்.

மேற்பார்வையாளர் யுகேந்திரன் சிரித்துவிட்டார். “அலமாக், அண்ணே! அடைப்புக்குறியில போடுறது எத்தனை இரும்புன்னு இல்ல லா. ஒரு ஆக்ஸிஜனுக்கு மைனஸ் ரெண்டு, மூணுக்கு மைனஸ் ஆறு. அதை ஈடுகட்ட ரெண்டு இரும்பும் ஆளுக்கு பிளஸ் மூணு சுமக்குது. அதான் இரும்பு (III).”

தினமும் என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருவதன் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை, பார்.

அடுத்த மாதம் மறுதேர்வு. நீ பிளஸ் டூவில் படித்த வேதியியல் புத்தகம் இருந்தால், இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் நாசரிடம் கொடுத்தனுப்பு. இல்லாவிட்டால் இரும்புச் சேர்மங்களின் பெயர்களை நீயே சொல்லிப் போனில் பதிவுசெய்து அனுப்பு. அவசரப்படாமல், ஒவ்வொன்றாகச் சொல்.

தொழிற்சாலை பஸ் வந்துவிட்டது. புத்தகம் கிடைத்தாலும் பதிவை அனுப்பு.

உன் ஜுனைத்