வாப்பாவுக்கு வாய்த்த இரண்டு மகன்கள்

பிஸ்மில்லாஹ்

குவாலா சிலாங்கூர்
14-3-1982

கண்ணான மகள் அஜீஸாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் வாப்பாவும் ரப்புடைய ரஹ்மத்தால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் பிள்ளையும் கீழக்கரையில் அப்படியே இருக்க வேண்டுமென்று தொழுகை தோறும் கேட்கிறேன். கப்பலில் வந்த வாந்தி கரை இறங்கியதும் நின்றுவிட்டது. கொசு மட்டும் நம் ஊர்க் கொசுவைவிடப் பெரியது, கடித்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறது. பிள்ளைக்குச் சளி போயிற்றா, கற்பூரவள்ளிச் சாற்றில் தேன் கலந்து கொடு, உன் மாமியார் சொல்லும் டப்பா மருந்தெல்லாம் வேண்டாம்.

உன்னிடம் சொல்லாமல் ஒரு சங்கதியை மனதில் வைத்துக்கொண்டுதான் கப்பல் ஏறினேன். என்னை வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டு ஜெய்புன்னிசா லாத்தா காதோடு என்ன சொன்னாள் தெரியுமா, மலாயாவில் கடை வைத்திருக்கிற ஆம்பளைக்கு அங்கேயும் ஒரு அடுப்பு எரியும், போய் நல்லாப் பாரு மெகராஜ் என்றாள். வாயில் கொழுக்கட்டை வைத்து அடைத்தாலும் அவள் வாய் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முள் மாதிரி தைத்துவிட்டது. உனக்குப் பின்னால் எனக்கு ஒரு ஆண்பிள்ளை தங்கவில்லையே, அந்தக் குறை உன் வாப்பாவுக்கு இருக்காதா என்று எண்ணி எண்ணி வந்தேன். அப்படி ஏதாவது இருந்தால் அடுத்த கப்பலிலேயே திரும்பிவிடுவது, பிறகு அந்த மனுஷரை நம் வாசல்படி மிதிக்க விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வாப்பா சாப்பாட்டுக்கடையைச் சாத்திவிட்டு, புதுச் சட்டை போட்டு அத்தரும் பூசிக்கொண்டு, வா மெகராஜ், இன்னைக்கு முழுக்க உனக்கு ஊரைக் காட்டுறேன் என்றார். காலையிலேயே ஆற்றோரம் போனோம். படகுகள் வந்து நிற்க, கூடை கூடையாக மீன் இறங்குகிறது. நம் ஊர் நண்டு மாதிரியே நண்டு, ஆனால் பேச்சு மட்டும் ஒன்றும் புரியவில்லை. உன் வாப்பா பெரிய உஸ்தாது ஆகி எனக்குப் பாடம் நடத்தினார். ஒரு கொடுவா மீனைக் காட்டி, பெசார் என்றால் பெரிசு, பொடி மீனைக் காட்டி, சிக்கிட் என்றால் கொஞ்சம், கொசுறு என்றார். இரண்டு சொல்லையும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிடித்தது தப்பாகப் போயிற்று.

மீன் விற்கிற மலாய்க்காரர் எங்களைப் பார்த்ததும், மாமாக், சுடா மக்கான் என்று கேட்டார். உன் வாப்பா சிரித்துக்கொண்டே சுடா, சுடா என்றார். எனக்குத் திக்கென்றது. இவரை அந்த மனுஷர் ஏன் மாமா என்கிறார், எந்த மகனை விசாரிக்கிறார்? மகன் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்தான், வேறு பாஷைக்காரர் வாயில் நம் சொல் அப்படித்தானே வரும். அடுத்து ஐஸ் உடைக்கிறவர் கேட்டார், மக்கான். தேங்காய்க்காரர் கேட்டார், மக்கான். இவரும் எல்லாருக்கும் சுடா, சுடா என்கிறார். மகன் சுகம் என்கிறார் போலிருக்கிறது என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

பிறகு சீனர் தெருவுக்குக் கூட்டிப்போனார். தெரு முழுக்கக் கருவாடும் காய்ந்த இறாலும், வாசனை நம் கடற்கரைத் தெருவேதான். அங்கே ஒரு சீனத்து அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாஹ், மாமாக், மக்கான் பெசார் என்று கைதட்டினாள். பெசார் என்றால் பெரிசு என்று எனக்குத்தான் தெரியுமே. ஆக, மகன் பெரியவனாகிவிட்டான்! அந்தத் தெரு முனையில் வாழைப்பழம் பொரிக்கிற மலாய்ப் பெண், இங்கே எல்லாரும் பேச்சுக்கு வாலாகப் போடுகிற லாவையும் சேர்த்து, மக்கான் சிக்கிட் லா என்று என் கையைப் பிடித்தாள். அஜீஸா, இன்னொன்று சின்னதாகவும் இருக்கிறது! பெரியவன் ஒருவன், சின்னவன் ஒருவன், அதுவும் ஊரறிய. எனக்கு மட்டும் தெரியவில்லை.

அப்புறம் அவர் காட்டியது எதுவும் என் கண்ணில் ஏறவில்லை. குன்றுமேல் கூட்டிப்போய்க் கலங்கரை விளக்கத்தையும் குரங்குகளையும் காட்டினார். நான் எதிரே வந்த பையன்களின் மூக்கையெல்லாம் பார்த்துக்கொண்டு நடந்தேன், உன் வாப்பா மூக்கு எங்கே இருந்தாலும் தெரிந்துவிடுமே. என் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போயிற்று, நான் பேசாமல் விட்டுவிட்டேன். நான் குரங்கோடு சண்டைக்குப் போகாததைப் பார்த்துத்தான் உன் வாப்பாவுக்குப் பயம் வந்ததாம், பிறகு சொன்னார்.

மத்தியானம் ஆற்றங்கரைச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் காளியம்மா இருந்தாள். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்துக்காரி, உன் வாப்பா கடைக்குக் கீரை போடுகிறவள். அந்தக் கடைக்காரரும் வந்து, மாமாக், மக்கான் என்றாரா, என் பொறுமை அத்தோடு தீர்ந்தது. எழுந்து நின்று, பெரியவனையும் கூப்பிடுங்க, சின்னவனையும் கூப்பிடுங்க, அவங்க உம்மாவையும் கூப்பிடுங்க, நான் பார்த்துட்டே கப்பல் ஏறுறேன் என்று கத்தினேன். உன் வாப்பா திருதிருவென்று விழித்து, யாரைக் கூப்பிடுறது என்கிறார். ஊரே மகன் மகன்னு விசாரிக்குதே, மகன் பெசார், மகன் சிக்கிட், எனக்கு என்ன காது அடைச்சா போச்சு என்றேன். காளியம்மாவுக்கு வாயிலிருந்த தேத்தண்ணி மூக்கு வழியாக வந்துவிட்டது. ஐயோ அக்கா, மக்கான்னா சாப்பாடு லா, சுடா மக்கான்னா சாப்பிட்டாச்சான்னு கேக்குறாங்க லா, நீங்க வந்துட்டீங்கள்ல, இனிமே மாமாக் வீட்டுல பெரிய விருந்துன்னு சொல்லியிருப்பாங்க, அதான் மக்கான் பெசார், மக்கான் சிக்கிட்னா கொஞ்சம் சாப்பிட்டுப் போங்கன்னு உபசாரம் லா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மாமாக் என்பது இங்கே நம் ஆட்கள் எல்லாருக்கும் பொதுப் பேராம். உன் வாப்பா சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது, ஆனால் நெஞ்சு பஞ்சாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

சிரிப்பு அடங்கினதும் எனக்கு ஒன்று உறைத்தது. காலையிலிருந்து இந்த மனுஷர் ஒரு தேத்தண்ணிதான் குடித்திருந்தார், என்னை ஊர் சுற்றிக் காட்டுகிற அவசரம். கேட்டவர்களுக்கெல்லாம் ஆச்சு, ஆச்சு என்றுதானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். நாலு பேருக்குச் சோறு போடுகிறவர், தனக்குப் போட்டுக்கொள்வதில்லை என்று காளியம்மாவும் சொன்னாள். இத்தனை வருஷமும் மீன்காரரும் ஐஸ்காரரும் கேட்ட கேள்வியை நான் பக்கத்திலிருந்து கேட்கவில்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. பசியாறினீங்களா மச்சான் என்று கேட்டேன். இல்லை மெகராஜ், ரொம்பப் பசிக்குது என்றார்.

அதனால், நோன்புக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொன்னதை மறந்துவிடு. இங்கே இருக்க எத்தனை நாள் அனுமதி உண்டோ அத்தனை நாளும் இருந்துவிட்டுத்தான் வருவேன். கோபித்துக்கொள்ளாதே. ஆட்டைக் கட்டிப் போடு, முருங்கையைத் தின்றுவிடும். ஜெய்புன்னிசா கேட்டால், ஆமாம், வாப்பாவுக்கு அங்கே ஒரு அடுப்பு எரிகிறது, உம்மாதான் ஊதுகிறாள் என்று சொல். உனக்கும் பிள்ளைக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் குறைவில்லாத சோறும் தருவானாக. ஒன்று மட்டும் மறக்காதே. துபாயில் இருக்கிற மாப்பிள்ளைக்கு எழுதும்போது, சாப்பிட்டீங்களா என்று எழுதாதே, ஆச்சு என்றுதான் பதில் வரும். என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டு எழுது.

வஸ்ஸலாம்,
உன் உம்மா
மெகராஜ் பேகம்