இரண்டாம் படிக்கு இறக்கியவர்

மார்ச் 4
மூன்றாம் மாடியும் முடிந்தது. இனி இந்த மருத்துவமனையில் கணினிகளை இணைக்கும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்கூட அப்பட்டமாகப் பேசாது. கண்காணிப்பு சர்வர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே இருக்கும்: உயிரோடு இருக்கிறாயா, எந்த போர்ட்டில், அதாவது எந்தக் கம்பி வழியாக, எவ்வளவு தரவு போகிறது. அந்தப் பேச்சுக்கு மூன்று படி. முதல் படியில் கேட்பது யார் என்றும் பார்க்காது, பேச்சையும் மறைக்காது. இரண்டாம் படியில் ஆளைச் சரிபார்க்கும், ஆனால் பேச்சு திறந்தபடி போகும். நடுவில் ஒருவன் காது வைத்தால் போதும். மூன்றாம் படியில் ஆளையும் சரிபார்க்கும், பேச்சையும் பூட்டும். நான் வைத்தது எல்லாம் மூன்றாம் படி. ஒப்பந்தமும் அதைத்தான் கேட்கிறது.

மாமாவிடம் சொன்னேன். அக்காவின் கணவர், ஒரே அலுவலகம், பாராட்டுவார் என்று நினைத்தது என் தப்பு. "பழைய ஸ்விட்ச்சுங்க எல்லாம் கிழடு மாப்ளே. இவ்ளோ சுமை ஏத்தினா மூச்சு வாங்கும்."

வாங்கட்டும்.

மார்ச் 9
வாங்குகிறது. தரைத்தளத்தில் இரண்டு ஸ்விட்ச் பதில் சொல்லத் தாமதிக்கிறது. சர்வர் பொறுமையிழந்து அடுத்ததுக்குப் போய்விடுகிறது. மேனேஜர் அறைப் பெரிய திரையில் அந்தப் பதில்களை வைத்து வரையும் கோடு எலி கடித்த மாதிரி ஓடுகிறது. விளக்கப் போனேன். "எனக்குக் காரணம் வேண்டாம்ப்பா, கோடு வேணும்."

சர்வர் கேட்கும் இடைவெளியை நீட்டி, பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும். சர்வர் மாமாவின் பொறுப்பு, ஸ்விட்ச் என் பொறுப்பு. அவரிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். டீம் லீடர் யார் என்று சீக்கிரம் முடிவாகுமாம். மேனேஜர் தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வருகிறது.

மார்ச் 12
அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நாளை ஊருக்குப் போகிறேன். அக்காவுக்கு ஆறாம் மாதம், பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாமா: "நீ இல்லாதப்ப ஏதாவது ஸ்விட்ச் படுத்துக்கிட்டா நான் என்ன பண்றது? உன் லாகினைக் குடுத்துட்டுப் போ."

விதிப்படி யாருக்கும் கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். இந்த வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டவர், தங்க அறை கொடுத்தவர். அவரிடம் போய் விதி பேசுவதா?

மார்ச் 20
திரும்பிவிட்டேன். அம்மாவுக்குப் பார்வை தெளிந்துவிட்டது. கட்டு பிரித்ததும் என் தாடியைப் பார்த்துத் திட்டினாள்.

கோடு வழவழவென்று ஓடுகிறது. "இடைவெளியை நீட்டினீங்களா மாமா?"
"எல்லாம் பண்ணியாச்சு மாப்ளே."
பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2
மாமா டீம் லீடர் ஆகிவிட்டார். அக்கா கேக் வெட்டி முதல் துண்டை எனக்கு ஊட்டினாள். "இவன் வேலை செஞ்சான், இவர் பேர் வாங்கிட்டார்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

ஏப்ரல் 15
மருத்துவமனை அனுப்பிய தணிக்கையாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சர்வருக்குப் போய்வரும் பேச்சின் நகலைத் தன் லேப்டாப்புக்குத் திருப்பிவிடச் சொன்னார். பெருமையாகத் திருப்பிவிட்டேன். அவர் திரையில் புரியாத எழுத்துக் குப்பைதான் வரும் என்று காட்டும் ஆசை.

வந்தது அத்தனையும் படிக்கக்கூடிய எழுத்து. தீவிர சிகிச்சைப் பிரிவு ஸ்விட்ச்சின் பெயர், இருக்கும் இடம், எந்தெந்த போர்ட்டில் கருவிகள் இருக்கின்றன, எல்லாம்.

"இது மூணாவது படியா தம்பி?"

ஸ்விட்ச்சுக்குள் போய்ப் பார்த்தோம். குறைந்தபட்சம் இரண்டாம் படி போதும் என்று மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியது என் லாகின், நான் ஊரில் இருந்த நாளில். "வெளியூர்ல இருந்தும் உள்ள வரலாமே" என்றார் மேனேஜர். வரலாம்தான்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தணிக்கையாளரைப் பார்த்துச் சொன்னார்: "பையன் கொஞ்சம் அவசரக்காரன் மேடம். கோடு ஒழுங்கா வரணும்னு இறக்கியிருப்பான்."

பையன்.

வீட்டுக்கு அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்துதான் வந்தேன். வழியில் சொல்கிறார், "ரெண்டாவது படியும் பாதுகாப்புதான் மாப்ளே. ஆளைச் சரிபாக்குதில்ல?"
"உங்களைச் சரிபாக்கலையே."
சிக்னலில் நின்றபோது சொன்னார், "கொஞ்சம் தாங்கிக்கோ. உனக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன்."

ஏப்ரல் 16
அக்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.
"தெரியும்டா."
"எப்ப?"
"நீ ஊர்ல இருக்கறப்பவே சொன்னார். பழைய ஸ்விட்ச்சுக்கு மட்டும் பண்ணப் போறேன்னார். அப்புறம் எல்லாத்துக்கும் பண்ணிட்டாராம்."

அப்போ எல்லாம் தெரிஞ்சே... என் யோசனையாலதான் கோடு சரியாச்சுன்னு நான் பெருமை அடிச்சப்பகூட வாயைத் திறக்கல.

"நீ தனி ஆளு. எங்க போனாலும் வேலை கிடைக்கும். இந்த நேரத்துல அவர் வேலை போச்சுன்னா நான் எங்கடா போவேன்?"
"நான் எங்க போறதுன்னு யாராவது யோசிச்சீங்களா?"
"கத்தாத. குழந்தை உதைக்குது."

நான் கத்தவில்லை. நிச்சயமாகக் கத்தவில்லை.

ஏப்ரல் 17
கேக்கை ஊட்டும்போதும் தெரியும்தானே அவளுக்கு?

ஏப்ரல் 19
விசாரணை. மேனேஜர், தணிக்கையாளர், மாமா, நான். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒப்பந்தத்தை மீறியவன். திறந்தால் லாகினைக் கொடுத்தவன். எப்படியும் எனக்கு வேலை இல்லை. போகிறதுதான் போகிறது, செய்ததற்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். லாகின் கொடுத்தது நான், படியை இறக்கியது இவர்.

"அவன் எனக்குக் குடுக்கவே இல்ல சார்."

மாமாவின் முகம் துளிகூடக் கோணவில்லை. கொஞ்சம் தயங்கியிருந்தால்கூட... என்ன செய்திருப்பேன்? தெரியவில்லை.

தணிக்கையாளரிடம் கேட்டேன், "மேடம், ஸ்விட்ச்ல மட்டும் படியை இறக்கினா பேச்சு திறந்துடுமா?"
"திறக்காது. சர்வர் பூட்டிக் கேட்டா ஸ்விட்ச்சும் பூட்டித்தான் பதில் சொல்லும். சர்வர்லயும் இறக்கியிருக்கணும்." சொல்லிவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். "சர்வர் லாகின் யாருகிட்ட இருக்கு?"

மேனேஜர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்து மெதுவாக, "மாப்ளே" என்றார். அலுவலகத்தில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஏப்ரல் 22
அவருக்கு டீம் லீடர் பதவி போயிற்று, வேலை இருக்கிறது. எனக்கு வேலை இல்லை. லாகினைக் கொடுத்தது அதைவிடப் பெரிய குற்றமாம். இருக்கலாம். விதி விதிதான், நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் வீட்டுக்குப் போ என்றார்கள் பாருங்கள், அந்த வீடும் அவருடையது.

ஏப்ரல் 23
பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. மாமா வாசலில் நின்று, "சாப்பிட்டுட்டுப் போயேன்" என்கிறார். பொய் சொன்னதைக்கூட என்றைக்காவது மறந்துவிடுவேன். இதை எப்படி மறப்பது?

மே 30
புது வேலை, ஒரு சரக்குக் கிடங்கில். முதலாளி சிரிக்கிறார்: "இங்க இருக்கறது அட்டைப்பெட்டி. அதுல என்னப்பா ரகசியம்?" இருந்தாலும் எல்லாவற்றையும் மூன்றாம் படிக்கு ஏற்றினேன். இங்கேயும் ஒரு கிழட்டு ஸ்விட்ச் மூச்சு வாங்கியது. அதற்கு மட்டும் இடைவெளியை நீட்டினேன். டீ ஆறுவதற்குள் கோடு சரியாகிவிட்டது. இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யச் சோம்பல்பட்டுத்தான் அந்த ஆள்—

ஜூன் 18
அம்மா போன் செய்தாள். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இருவரும் நலம். "இப்ப போகாதடா. நான் சொல்றப்ப போ."
"என்கிட்டச் சொல்லச் சொன்னாளா?"
"நான்தான் சொல்றேனே" என்றாள் அம்மா.

பிறகு ஒரு படம் அனுப்பினாள். துண்டுக்குள் சிவந்த முகம், மூடிய கண். தாங்கியிருப்பது மாமாவின் கை, கடிகாரம் தெரிகிறது. படத்தை ஓரம் வெட்டினேன். கடிகாரம் போயிற்று, மணிக்கட்டு போயிற்று. வாயை ஒட்டி அவருடைய கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அதையும் வெட்டினால் குழந்தையின் வாய் போய்விடும்.

அப்படியே வைத்துக்கொண்டேன்.