பிடுங்கிய குழாய்

அன்புள்ள அப்பா, முழங்கால் வலி தணிந்ததா? கடல் தாண்டி இந்தக் கலிமந்தானில் நான் நலம்.

நீர் இறங்கிக் காய்ந்தால் இங்கே மண்ணே தீப்பிடிக்கும். நேற்று சதுப்புக் காட்டில் நிலத்தடி நீரை அளக்கப் போனால், விவசாயி ரும்பாங் நான் நட்டிருந்த அளவுக் குழாயைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

"ஏ ஜாவாக்காரி! தண்ணி எறங்கிடுச்சுன்னு நீ சொன்னா, வயல் திருத்த நெருப்பு வைக்காதேன்னு அதிகாரிங்க எங்களைத்தான் மெரட்டுறாங்க. கால்வாய் வெட்டித் தண்ணியை வடிக்கிற எஸ்டேட்காரனை எவன் கேட்டான்?"

"இந்த அளவைக் காட்டித்தாங்க அந்தக் கால்வாயை அடைக்கச் சொல்ல முடியும்."

"இன்னொரு தடவை வந்தே, குழாய்க்குப் பதிலா உன்னையே நட்டுருவேன்!"

குழாயைக் கால்வாயில் வீசினார். நான் இறங்கி எடுத்துவந்து மறுபடி நட்டேன். அவர் தடுக்கவில்லை, காறித் துப்பிவிட்டுப் போனார்.

இங்கே கடையில் எனக்கு எதுவும் விற்பதில்லை. கொஞ்சம் சோயாத் தெம்பே வறுவல் அனுப்புங்கள். அம்மா கேட்டால், ஊரே என்னிடம் நன்றாகப் பழகுகிறது என்று சொல்லிவிடுங்கள். தபால் படகு கிளம்புகிறது.

உங்கள் மகள்
வினார்சி