நாற்பது பூட்டுகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இந்த வாரம் தணிக்கை. அரசு மானியத்தில் நாற்பது கதவுப் பூட்டுகள் வாங்கியிருந்தார்கள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மிதப்பில், "என்னக்கா, பூட்டுக் கடையா நடத்துறீங்க?" என்று பொறுப்பாளரிடம் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "இங்க வர்ற பொண்ணுங்களை அடிச்சவன்கிட்டயும் வீட்டுச் சாவி இருக்குமே, தம்பி," என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. ரசீதுகளைச் சரிபார்த்து, ஒன்றுவிடாமல் கையெழுத்துப் போட்டேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நம் வாசல் பூட்டு இறுகிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கு எண்ணெய் மட்டும் விடு அம்மா, மாற்றிவிடாதே. அதன் சாவியைத் தினமும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

உன் மகன்